ஆறு ட்ராப், இரண்டு வரிசை: வேட்டைத் துவக்குக்கும் போட்டித் துவக்குக்கும் ஒரே க்ளே களம்

கொழும்பிலிருந்து ஹைலெவல் வீதியால் போனால் ஹங்வெல்லைக்கு அப்பால் பழைய இறப்பர்க் காணிகள் வரும். அப்படியான ஒரு காணியில் ஸ்போர்ட்டிங் க்ளேஸ் (ட்ராப் என்ற இயந்திரம் எறியும் வட்டைத் துவக்கால் சுட்டு உடைக்கும் விளையாட்டு) களம் அமைத்தபோது எடுத்த அளவுகள், பிழைத்த இடங்கள், திருத்திய விதம் எல்லாம் இதில் இருக்கின்றன. களத்துக்கு வருபவர்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் மேல்-கீழ்க் குழல் துவக்கும் மாற்றக்கூடிய சோக்கும் (சன்னம் விரிவதைக் கட்டுப்படுத்தக் குழல் வாயில் உள்ள சுருக்கம்) 28 கிராம் தோட்டாவும் வைத்திருக்கும் போட்டிக்காரர். மறுபக்கம் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரம் எடுத்த தோட்டக்காரர். அவருடைய துவக்கு பெரும்பாலும் ஒற்றைக்குழல் 12 போர், அதுவும் பழையது. இந்த இருவரையும் ஒரே வட்டுக்கு நிறுத்தி, இருவருக்கும் வந்த பயன் இருக்கவேண்டும்.

முதல் வரைபடத்தில் "இலகு" என்று ஐந்து ட்ராப்பும் "கடினம்" என்று ஐந்து ட்ராப்பும் போட்டிருந்தோம். பத்து இயந்திரம், பத்துப் பற்றறி, பத்து இடத்தில் வட்டு நிரப்பும் வேலை. அதைவிடப் பெரிய பிழை, கடினம் என்றால் தூரம் என்று எடுத்துக்கொண்டது. 45 மீற்றருக்கு அப்பால் எறிந்த வட்டில் போட்டிக்காரருக்கும் படிப்பு இல்லை, தோட்டக்காரருக்கும் இல்லை. தோட்டா மட்டும் கரையும். எல்லாவற்றையும் கழற்றி, ஆறு ட்ராப்பை மட்டும் வைத்துக்கொண்டு, சுடுபவர் நிற்கும் இடத்தை இரண்டாக்கினோம். கடினத்தை ட்ராப்பால் கூட்டாமல் காலடியால் கூட்டுவது என்ற அந்த ஒரு முடிவுதான் களத்தை நிமிர்த்தியது.

காணி எவ்வளவு வேண்டும்

சன்னம், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டு, எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஜூர்னே விட்டுப்போன விதி இன்றும் கை கொடுக்கிறது. சன்னத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து 79 ஆல் பெருக்கினால், சமதரையில் அது போய் விழக்கூடிய அதிகூடிய தூரம் மீற்றரில் கிடைக்கும். க்ளேக்கு வழமையான ஏழரை நம்பர் சன்னம் 2.4 மில்லிமீற்றர், ஆகவே ஏறக்குறைய 190 மீற்றர். பின்காற்று, மேட்டிலிருந்து சுடுவது, சன்னங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போவது எல்லாவற்றுக்கும் இடம் விட்டு 275 மீற்றரைப் பாதுகாப்பு எல்லையாக வைத்தோம்.

இதே கணக்கை தோட்டக்காரரின் சட்டைப் பையில் கிடக்கும் தோட்டாவுக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஆம் நம்பர் 3.1 மில்லிமீற்றர்: 245 மீற்றர். எஸ்.ஜி 8.4 மில்லிமீற்றர்: 660 மீற்றருக்கும் மேல். பன்றிக்கென்று வாங்கிய ஒரு எஸ்.ஜி தோட்டா, ஏழரை நம்பரோடு கலந்து துவக்குக்குள் போனால், களத்தின் எல்லையைத் தாண்டி அடுத்த கிராமத்தில் விழும். ஆகவே வாசலிலேயே பையைக் கொட்டிப் பார்த்து, எஸ்.ஜியையும் 4 ஆம் நம்பரையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, போகும்போது எண்ணிக் கொடுக்கிறோம். முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அதே வாசலில் இன்னொரு சோதனை, குழலின் அறை நீளம். பழைய துவக்குகள் சிலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். அதற்குள் 70 மில்லிமீற்றர் தோட்டா போய் மூடிக்கொள்ளும், ஏனென்றால் தோட்டாவில் எழுதியிருப்பது வெடித்து விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவை வாசிக்க முடியாவிட்டால், அறை அளக்கும் கேஜ் போட்டுப் பார்க்காமல் சுட விடுவதில்லை.

நடந்து நடந்து சுடும் பத்து நிலையக் களத்துக்கு இந்தக் காணி போதாது. சுடுபவர் நிற்கும் கூண்டு ஐந்தை ஒரே வரிசையில் வைத்து எல்லோரும் ஒரே பக்கம் சுடும் அமைப்பே பொருந்தியது. கணக்கு இப்படி: சுடும் விரிவு 100 பாகை, ஆரை 275 மீற்றர் என்றால் விசிறித் துண்டின் பரப்பு ஏறக்குறைய 66,000 சதுர மீற்றர், அதாவது 16 ஏக்கர் சொச்சம். கூண்டு வரிசையின் அகலம் 16 மீற்றர். அதற்கு இன்னும் ஒரு ஏக்கர். பின்வரிசை, வாகனம் நிறுத்த, பொருள் வைக்க என்று சேர்த்தால் 20 ஏக்கர். விசிறியின் முன்பக்கம் மேடாக உயர்ந்து போனால் நல்லது. பள்ளமாக இறங்கினால் எல்லையைத் தள்ளி வைக்கவேண்டும். விசிறிக்குள் வயல், ஓடை, இறப்பர்ப் பால் கொண்டுபோகும் பாதை, இறப்பர் வெட்டுபவர் நடக்கும் ஒற்றையடிப் பாதை எதுவும் இருக்கக்கூடாது. ஒற்றையடிப் பாதைகள் வரைபடத்தில் இராது. விடிகாலை ஆறு மணிக்குப் போய் நின்று, யார் எந்த வழியால் வருகிறார்கள் என்று கண்ணால் பார்த்தே அவற்றைக் கண்டுபிடித்தோம்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக: துவக்கு 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பயிர்க் காவலுக்கென்று கொடுத்த பத்திரத்தோடு துவக்கை இன்னொரு இடத்துக்கு எடுத்துவரலாமா என்பதை ஒவ்வொருவரும் தன் பத்திரத்தை வாசித்து, கொடுத்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத்தான் வரவேண்டும். போயா நாளில் களம் திறப்பதில்லை.

வெயிலும் காற்றும்

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதை அப்படியே எடுக்க முடியாத இடம் இது. கொழும்பு 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கும், ஆனாலும் 70 பாகைக்கு மேல் உயரத்தில். மார்கழியில் தெற்கே இறங்கி 60 பாகை அளவில் நிற்கும். காலையும் மாலையும் ஆண்டு முழுக்கக் கிழக்கிலும் மேற்கிலும்தான் கண்ணைக் குத்தும். ஆகவே வடக்கு நோக்கிச் சுடுவதே நல்லது. நாங்கள் 10 பாகை வடமேற்கே திருப்பினோம், காலை அமர்வுதான் அதிகம் என்பதால்.

தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, காலை பத்து மணிக்குப் பிறகு காற்று எழும். வடக்கு நோக்கி நிற்பவருக்கு அது இடத் தோளுக்குப் பின்னாலிருந்து வரும். விலகிப் போகும் வட்டை அது கீழே அழுத்தும்; எதிர்கொண்டு வரும் வட்டை மேலே தூக்கும். எட்டு மணிக்குச் சரியாக வைத்த ட்ராப் பதினொரு மணிக்கு வேறு வட்டை எறியும். இதைத் திருத்தப் பார்ப்பது வீண். காலைக் குறிப்பையும் பகல் குறிப்பையும் தனித்தனியே எழுதி, ட்ராப்பின் சாய்வு அளவில் இரண்டு பெயின்ற் கோடு போட்டுவிட்டால், இடைவேளையில் ஐந்து நிமிட வேலை.

ஆறு ட்ராப் எங்கே

ஃபிட்டாஸ்க் என்ற சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் கொம்பாக்ட் முறையில் எல்லா வட்டும் 40 மீற்றர் அகலம், 25 மீற்றர் ஆழமுள்ள ஒரு செவ்வகத்தைக் கடந்து போகவேண்டும். தரையில் தும்புக் கயிற்றால் அந்தச் செவ்வகத்தைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். அது இல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு ட்ராப்பும் தன் பாட்டுக்கு வெளியே நழுவிப் போகும்.

முதலாவது இடமிருந்து வலம் குறுக்கே போவது. இரண்டாவது வலமிருந்து சரிந்து விலகிப் போவது. மூன்றாவது கூண்டு வரிசைக்கு முன்னால், நடுவில், தாழ்ந்த குழிக்குள் இருந்து எழுந்து விலகுவது. நான்காவது தரையில் உருண்டோடும் முயல் வட்டு. ஐந்தாவது 60 மீற்றரில் இருந்து நம்மை நோக்கி வருவது. ஆறாவது 28 மீற்றரில் நேர் மேலே 15 மீற்றருக்கு மேல் எழுந்து நின்று விழுவது. முதல் மூன்றும் ஆறாவதும் ஒரு நாளில் அமைந்துவிட்டன. மற்ற இரண்டும்தான் நாட்களைத் தின்றன.

ஐந்தாவதில் நடந்த பிழை: முழு வட்டு கூண்டுக்கு 8 மீற்றர் முன்னால் விழும்படி வைத்தோம். முழு வட்டு அங்கேதான் விழுந்தது. அடிபட்ட வட்டின் துண்டுகளோ அதே வேகத்தோடு முன்னோக்கி வந்து கூண்டின் காலில் அடித்தன. இப்போது முழு வட்டு 20 மீற்றர் முன்னால் விழுகிறது. கூண்டின் தோள் உயரத்துக்குக் கீழே 12 மில்லிமீற்றர்க் கம்பி வலை, எல்லோருக்கும் கண்ணாடி. இந்த ட்ராப் சன்னம் விழும் நிலத்துக்குள் இருப்பதால், முன்பக்கம் மண் நிரப்பிய 200 லீற்றர் பீப்பாய்கள் இரண்டு வரிசை. வட்டு நிரப்ப ஆள் போகும்போது எல்லாத் துவக்கும் குழலை மடித்துத் திறந்து, வெறுமையாகத் தாங்கியில் நிற்கவேண்டும். ரிமோட் போகிற ஆளின் கையில், சிவப்புக் கொடி கம்பத்தில்.

முயல் வட்டு தோட்டக்காரருக்கு மிகப் பிரியமானது, காரணம் வெளிப்படை: பன்றி தரையில்தான் ஓடுகிறது. ஆனால் அது ஓடும் தரைதான் களத்திலேயே அதிக வேலை கேட்கும் பகுதி. முயல் வட்டு மற்ற வட்டுகளைப் போல 110 மில்லிமீற்றர் அளவு விட்டம்தான், விளிம்பு மட்டும் தடித்து, குமிழ் இல்லாமல் தட்டையாக இருக்கும். சின்னக் கல்லில் பட்டாலும் துள்ளி ஒரு மீற்றர் மேலே போகும், ஈரமண்ணில் குத்திட்டு நிற்கும். முதலில் செம்புறைக்கல் தூளைப் போட்டு இடித்து இறுக்கினோம். வெயிலில் கண்ணாடி போல ஓடியது, ஒரு மழை பெய்ததும் பிசைந்த மாவாகிவிட்டது. கடைசியில் பஞ்சிகாவத்தையில் பழைய கன்வெயர் பெல்ற் துண்டுகளை நிறைக்கு வாங்கி, 60 சென்ரிமீற்றர் அகலத்தில், ட்ராப்பின் வாயிலிருந்து முதல் 6 மீற்றருக்கு விரித்தோம். வட்டு அந்த 6 மீற்றரில் நேர்கோடு பிடித்துவிட்டால் பிறகு புல்லிலும் ஓடும். புல்லை இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி வைக்கவேண்டும். துண்டுகளின் மூட்டு, கூரை ஓடு அடுக்குவது போல மேல் துண்டு ஓடும் திசைக்கு விழும்படி ஏறவேண்டும், இல்லாவிட்டால் மூட்டில் தடுக்கி வட்டு உடையும். ஓடுபாதைக்குப் பின்னால் ஒரு மீற்றர் உயர மண்வரம்பு. அதன் முகத்தில் இருந்த கல்லைக் கையால் பொறுக்கி எடுத்தோம். தரையில் சுடும்போது சன்னம் கல்லில் பட்டால் எந்தப் பக்கமும் திரும்பும்.

முன்வரிசை, பின்வரிசை, நடுவில் கிடுகு

முன்வரிசையில் ஐந்து கூண்டு, 4 மீற்றர் இடைவெளி, வெள்ளை முளை. அதற்கு 7 மீற்றர் பின்னால் இன்னொரு ஐந்து, சிவப்பு முளை. ட்ராப் எதுவும் அசைவதில்லை, ஸ்பிரிங் எதுவும் மாறுவதில்லை. ஒரே வட்டை முன்னிருந்தும் பின்னிருந்தும் சுடுகிறார்கள்.

7 மீற்றர் பின்னால் போவதால் மட்டும் பெரிய வேறுபாடு வராது. சன்னம் 23 மீற்றர் போக ஏறக்குறைய 0.07 செக்கனும் 30 மீற்றர் போக 0.1 செக்கனும் எடுக்கிறது. செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் குறுக்கே போகும் வட்டுக்கு முன்வரிசையில் 1.4 மீற்றர் முன்தள்ளிப் பிடிக்கவேண்டும் என்றால், பின்வரிசையில் 2 மீற்றர் அளவில். அது பழக்கத்தால் வந்துவிடும். உண்மையான வேறுபாட்டைக் கொடுப்பது கண்ணுக்குக் கிடைக்கும் நேரம்.

அதற்குத்தான் கிடுகு. பின்வரிசைக் கூண்டு ஒவ்வொன்றுக்கும் 3 மீற்றர் முன்னால், ஒன்றரை மீற்றர் அகலமான கிடுகுத் தட்டி ஒன்றைக் கமுகஞ் சலாகையில் கட்டி நட்டோம். கணக்கு எளிது: கண்ணுக்கு 3 மீற்றரில் ஒன்றரை மீற்றர் மறைந்தால், 30 மீற்றரில் அது 15 மீற்றர் மறைப்பு. 20 மீற்றர் வேகத்தில் முக்கால் செக்கன். முன்வரிசையில் நிற்பவர் முதலாம் ட்ராப்பின் வட்டை வாயிலிருந்து வெளிவந்ததிலிருந்து இரண்டு செக்கன் பார்க்கிறார். பின்வரிசையில் நிற்பவருக்கு அது ஒன்றேகால் செக்கனுக்குச் சுருங்குகிறது. போட்டிக்காரர் எங்கே கண் வைப்பது, குழலை எங்கே நிறுத்துவது, எங்கே உடைப்பது என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் அதைத் தொடமுடியாது. தோட்டக்காரர் முன்வரிசையில், துவக்கை இறக்கி வைத்தபடி, வட்டைக் கண்டபிறகு தூக்கிச் சுடுகிறார். காட்டோரத்தில் அவர் செய்வதும் அதுதான். ஃபிட்டாஸ்க் ஸ்போர்ட்டிங் விதியிலும் வட்டு கண்ணில் படும்வரை துவக்கின் அடி தோளுக்கு 25 சென்ரிமீற்றர் கீழே இருக்கவேண்டும். இரு தரப்பும் இந்த ஒரு பழக்கத்தில் சந்திக்கின்றன. அதனால் இரு வரிசைக்கும் அதையே விதியாக்கினோம்.

தட்டி போட்டதில் கற்றது இரண்டு. முதலில் பச்சை நிழல்வலை கட்டிப் பார்த்தோம், மலிவு என்று. வட்டு அதற்குள்ளால் மங்கலாகத் தெரிய, கண் அதைத் தேடிக்கொண்டே போய் வெளியே வந்த வட்டைத் தவறவிடுகிறது. மறைப்பது என்றால் முழுக்க மறைக்கவேண்டும். இரண்டாவது, குழல் தட்டியின் மேல் போகவே கூடாது. கூண்டின் தடுப்புக் கம்பி, தட்டியின் விளிம்புக்கு இரண்டு பாகை முன்னரே குழலை நிறுத்தவேண்டும். கிடுகு ஒரு பருவமழைக்கு நிற்கும், பிறகு மாற்றவேண்டும்.

இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் இயங்கக்கூடாது. பின்வரிசை சுடும்போது முன்வரிசைக் கூண்டுகளின் வாசலில் சங்கிலியும் பூட்டும் விழவேண்டும். ஐந்து கூண்டுச் சாவிகள் என்று வைத்தால் ஒன்று திறந்தே கிடக்கும், ஆகவே ஐந்து வாசலுக்கும் குறுக்காக ஒரே சங்கிலி, ஒரே பூட்டு, சாவி நடுவரின் கழுத்தில்.

கூண்டு: உள்ளே ஒரு மீற்றர் சதுரம், ஒன்றரை அங்குல ஜீ.ஐ பைப், மேல் குறுக்குக் கம்பி 2.1 மீற்றரில். இடதுகைக்காரர் ஒருவரையும் வலதுகைக்காரர் ஒருவரையும் உள்ளே நிறுத்தி, வெறும் துவக்கோடு இரு பக்கமும் சுழற்றச் சொல்லி, குழல் எங்கே தட்டவேண்டுமோ அங்கே தடுப்பை வெல்ட் பண்ணினோம். வரைபடத்தைப் பார்த்து வெல்ட் பண்ணிய முதற் கூண்டை வெட்டிப் பிரிக்க நேர்ந்தது.

ஒற்றைக்குழலுக்கும் சோடி வட்டு

ஸ்போர்ட்டிங்கில் வட்டு சோடியாக வரும். ஒன்றாக இரண்டும் எழலாம், அல்லது முதல் வெடிச் சத்தத்துக்கு இரண்டாவது எழலாம். ஒற்றைக்குழல்காரரால் இரண்டையும் சுட முடியாது. "ஒன்றை மட்டும் சுடுங்கள்" என்று விட்டால் 25 வட்டில் 10 அவருக்கு இல்லாமல் போகும். ஆகவே ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு அட்டை தொங்குகிறது. சிவப்பு அட்டையில் ஒரு தனி வட்டும் இரண்டு சோடியும். வெள்ளை அட்டையில் அதே ஐந்து வட்டும் அதே வரிசையில், ஆனால் ஒவ்வொன்றும் தனியாக, அவர் தோட்டா மாற்றிப் போட்டு, ஆங்கிலத்தில் "புல்" (இழு) என்று கூப்பிட்ட பிறகு. ஐந்து கூண்டுக்கும் 25 வட்டு, இருவருக்கும் சமம். இரட்டைக்குழல் வைத்திருக்கும் தோட்டக்காரர் முன்வரிசையில் நின்று சிவப்பு அட்டையைச் சுடலாம். பலர் நான்காவது தடவையில் தாங்களாகவே அங்கே போகிறார்கள்.

சோக் விடயத்தில் வழமையான எண்ணம் தலைகீழாகிறது. கிட்ட வருவது இலகு என்று நினைத்து முயலை முதலில் 15 மீற்றரில் ஓடவிட்டோம். பழைய ஒற்றைக்குழல்கள் பல முழுச் சோக். 18 மீற்றரில் முழுச் சோக் விரிவது 40 சென்ரிமீற்றர் அளவில்தான்; சோக்கே இல்லாத குழல் அதே தூரத்தில் 80 சென்ரிமீற்றர் விரியும். கிட்டத்தில் ஓடிய முயல், திறந்த சோக் போட்ட போட்டிக்காரருக்கு வாழைப்பழம், அது யாருக்காக வைக்கப்பட்டதோ அவருக்கு எட்டாக் கனி. 24 மீற்றருக்குத் தள்ளியதும் முழுச் சோக்குக்கும் விரிய இடம் கிடைத்தது. இரு தரப்புக்கும் ஒத்துப்போக வேண்டுமானால் 20 முதல் 30 மீற்றர் வரையுள்ள பட்டைக்குள் உடையும் இடத்தை வையுங்கள் என்பது எங்கள் துணிபு.

வேகத்தை அளக்கிறது

கண்ணால் பார்த்து "இது 20 மீற்றர் வேகம்" என்று சொல்லக்கூடாது. போனில் செக்கனுக்கு 240 படம் பிடிக்கும் மெதுவோட்டம் போதும். வட்டு உடையவேண்டிய இடத்தில், வட்டு பறக்கும் கோட்டுக்கு நேர் கீழே, 10 மீற்றர் இடைவெளியில் இரண்டு மூங்கிலை நட்டு, போனை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகச் சுடும் பக்கமே தள்ளி வையுங்கள். முதல் மூங்கிலுக்கும் இரண்டாம் மூங்கிலுக்கும் இடையில் எத்தனை படம் என்று எண்ணி, 2,400 ஐ அதால் வகுத்தால் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று வரும். 120 படம் என்றால் 20.

முதல் அளவுகள் எல்லாமே குறைத்துக் காட்டின. மூங்கில்கள் வட்டின் கோட்டிலிருந்து 5 மீற்றர் போனின் பக்கம் தள்ளி நின்றதுதான் காரணம். போன் 30 மீற்றரில் இருந்தால், 25 மீற்றரில் நிற்கும் மூங்கில்களின் 10 மீற்றர் இடைவெளி வட்டின் கோட்டில் 12 மீற்றர். ஆறில் ஒரு பங்கு பிழை. வாயருகே அளப்பதும் பயனில்லை. வட்டு இலேசானது, 105 கிராம்தான், காற்றில் விரைவாக வேகம் இழக்கும்.

ட்ராப் பிழைக்கும் விதம்

எந்த வேலைக்கும் முன்னர் ட்ராப்பின் எறியும் கையை விடுவித்து, பற்றறி வயரைக் கழற்றவேண்டும். இழுபட்டு நிற்கும் கை முழங்கையை முறிக்கும். சுவிச்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைப்பது கூடாது.

பற்றறி இறங்கினால் வட்டு மெதுவாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரிங்தான் எறிகிறது, மோட்டர் அதை இழுத்துப் பூட்ட மட்டும். ஆகவே பற்றறி இறங்கினால் வேகம் மாறாது, மீண்டும் பூட்டும் நேரம் நீளும். ஒரே ட்ராப்பிலிருந்து அடுத்தடுத்து இரண்டு எறிவதாக இருந்தால் மத்தியானத்துக்குப் பிறகு இடைவெளி கூடிப்போய், காலையில் சுட்டவருக்கும் மாலையில் சுட்டவருக்கும் வேறு வேறு சோடி கிடைக்கும். இதனால் சோடியை எப்போதும் இரு வேறு ட்ராப்பில் இருந்தே எடுக்கிறோம்.

வேகம் உண்மையில் குறைந்தால் எறியும் கையில் ஒட்டியிருக்கும் இறப்பர்ப் பட்டியைப் பாருங்கள். அது தேய்ந்தோ ஈரத்தில் வழுக்கியோ இருந்தால் வட்டுக்குச் சுழற்சி போதாமல் தள்ளாடிப் போகும். மழைக்குப் பிறகு பழந்துணியால் துடைத்தாலே பாதிக் குறை தீரும்.

வட்டு சுண்ணக்கல் தூளும் பிச்சும் (தார் போன்ற பொருள்) சேர்ந்தது. கொழும்புச் சூட்டில், தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தால் அடியில் உள்ளவை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ட்ராப்பில் இரண்டு சேர்ந்து விழுந்து, கை அடித்ததும் உள்ளேயே நொறுங்கும். அந்தத் தூள் மைக்ரோ சுவிச்சுக்குள் போனால் ட்ராப் நிற்காமல் எறியத் தொடங்கும், அதுதான் ஆபத்து. பெட்டியை ஐந்துக்கு மேல் அடுக்காமல், பலகை மேடையில், காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். நிரப்பும்போது ஒவ்வொரு அடுக்கையும் கையில் எடுத்து ஒரு திருகு திருகினால் ஒட்டியது விடும், கீறல் விழுந்தது சத்தத்தில் தெரியும். நல்ல வட்டு கிண் என்று ஒலிக்கும், வெடித்தது சொத்தென்று.

மைக்ரோ சுவிச்சின் மேல் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி இருமுனையும் கட்டினால் மழையும் தூளும் போகாது. வாரக் கணக்கில் மூடிக் கிடந்த ட்ராப் பெட்டியைத் திறக்குமுன் தட்டிப் பாருங்கள், முசுறு கூடு கட்டியிருக்கும். ரிமோட்டை மட்டும் நம்பாமல் ஆறு ட்ராப்புக்கும் இரட்டை வயரும் இழுத்தோம். மழைநாளில் ரிமோட் அரைச் செக்கன் பிந்தியது, அரைச் செக்கனில் சோடி வேறு சோடியாகிவிடும்.

வட்டின் நிறம்: இறப்பர் இலைப் பின்னணிக்கு செம்மஞ்சள். தை, மாசியில் இறப்பர் இலை கொட்டி, பின்னணி சாம்பலும் வானமுமாக மாறும், அப்போது கறுப்பு. மேலே எழும் ஆறாவதுக்கு ஆண்டு முழுக்கக் கறுப்பு.

தரையில் கிடப்பவை

ஈரவலயத்து மண் புளிப்பு. புளிப்பு மண்ணில், மழையில், ஈயம் கரைந்து இறங்கும். சுற்றுவட்டாரத்து வீடுகளில் குடிப்பது கிணற்று நீர். ஆகவே சன்னம் அதிகம் விழும் 100 முதல் 190 மீற்றர்ப் பட்டையில் மண்ணின் பி.எச்சை ஆண்டுக்கு இரண்டு தடவை அளந்து, 6.5 க்குக் கீழே போனால் டொலமைற் போடுகிறோம், தோட்டங்களில் வழமையாகப் போடுவதுதான். அந்தப் பட்டையில் ஓடும் மழைநீர் நேராக வெளியே போகாமல், சரிவுக்குக் குறுக்காக மண்வரம்பு இட்டு நிறுத்தி வடியவிட்டோம். மாடு மேய விடுவதில்லை. வட்டில் உள்ள பிச் பன்றிக்கு நஞ்சு, ஆகவே துண்டுகளைக் காட்டோரத்தில் கொட்டுவதும் இல்லை.

கடைசியாக ஒன்று, எந்தக் கையேட்டிலும் காணாதது. உடையாமல் விழுந்த வட்டு சிலவேளை கவிழ்ந்து குமிழ் கீழாகக் கிடக்கும். அதற்குள் இரண்டு மேசைக்கரண்டி மழைநீர் தேங்கும். ஒரு வாரம் விட்டால் அதற்குள் நுளம்புக் குடம்பி நெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் தேங்காய்ச் சிரட்டையைத் தேடுவது போல இதையும் தேடவேண்டும். ட்ராப் குழிக்குத் தடுப்பாக அடுக்கிய பழைய ரயர்களுக்குள் மண் நிரப்பிவிட்டோம். வட்டுகளுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் துவக்கு எல்லாம் பூட்டிய பிறகு, ஐந்து பேர் சாக்கோடு இறங்கி, செவ்வகத்தைக் கயிறு கயிறாக நடந்து முழு வட்டுகளைப் பொறுக்குகிறோம். கீறல் இல்லாதவை திருகிப் பார்த்து மறுபடி பெட்டிக்குப் போகும், மற்றவை சாக்கிலேயே நொறுங்கும்.